பெரிய கப்பலில் சூட் அறையா, சின்னக் கப்பலா?

குரூஸ் போகலாம் என்று முதல்முறை விலை பார்க்க உட்காருகிறவர்கள் ஓர் இடத்தில் கட்டாயம் குழம்பிப்போவார்கள். மத்தியதரைக் கடலில் ஏழு இரவுப் பயணம், பால்கனி அறை, ஆளுக்கு 1,200 டாலர் என்று ஒரு பெரிய கம்பெனி போட்டிருக்கும். அதே கப்பலில் மேல்தளத்தில் சூட் (suite) என்கிற பெரிய சொகுசு அறை ஆளுக்கு 3,500 டாலர் என்று இருக்கும். வேறொரு கம்பெனியின் சின்னக் கப்பலில், அதே வாரம், அதே பார்சிலோனா, அதே ரோம், எடுத்த எடுப்பிலேயே 4,900. (இதெல்லாம் புரிவதற்காக நான் போட்ட எண்கள். நிஜ விலை மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் இடைவெளி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.) கடலும் ஒன்று, துறைமுகமும் ஒன்று. அப்புறம் எதற்கு இவ்வளவு வித்தியாசம்?

அறை பெரிசு, மெத்தை மெத்தென்று இருக்கும் என்பதெல்லாம் பாதிப் பதில்கூட ஆகாது. கூடுதல் பணம் இரண்டு விஷயங்களுக்குப் போகிறது. கப்பலை எத்தனை பேரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்பது ஒன்று. டிக்கெட்டுக்குள் எதெல்லாம் அடக்கம் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் எந்த விலைப்பட்டியலும் மிரட்டாது.

பெரிய கப்பலில் என்னென்ன அறைகள்?

ராயல் கரீபியன், எம்.எஸ்.சி., நார்வீஜியன், கார்னிவல், கோஸ்டா போன்றவை பொதுமக்களுக்கான பெரிய கம்பெனிகள். இவற்றின் கப்பல்களில் அறைகள் நான்கு வகை: ஜன்னலே இல்லாத உள் அறை, திறக்க முடியாத ஜன்னல் வைத்த கடல் பார்த்த அறை, பால்கனி அறை, சூட் அறை.

உள் அறை பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிக்குள் இருக்கும். பத்துக்குப் பதினைந்து அறையில் கட்டில், மேசை, அலமாரி, குளியலறை எல்லாவற்றையும் அடக்கியிருப்பார்கள். விளக்கை அணைத்தால் மணி காலை ஆறா, மதியம் பன்னிரண்டா என்று தெரியாது. சிலருக்கு அது மூச்சுமுட்டும், சிலருக்கு அதைவிட நல்ல தூக்கம் வேறெங்கும் வராது. 2011இல் வந்த டிஸ்னி ட்ரீம் கப்பலில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள் அறைச் சுவரில் வட்ட ஜன்னல் மாதிரி ஒரு திரை, அதில் கப்பலுக்கு வெளியே இருக்கும் கேமரா காட்டும் கடல். நடுநடுவே கார்ட்டூன் பாத்திரங்கள் வேறு எட்டிப்பார்க்கும். குழந்தைகள் பால்கனியே வேண்டாம் என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

பால்கனி அறை இதைவிடக் கொஞ்சம் பெரிது, கூடவே இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு வெளி இடம். இன்றைய புதுக் கப்பல்களில் இந்த வகைதான் அதிகம்.

அடுத்தது ஜூனியர் சூட். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெயரைப் பார்த்தால் சூட் மாதிரித்தான் இருக்கும், அறையும் பெரிதாக இருக்கும். ஆனால் பல கம்பெனிகளில் சூட் பயணிகளுக்கென்று இருக்கும் தனி உணவகம், தனி ஓய்வறை, பட்லர் (அறைக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் தனிப் பணியாளர்) போன்றவை ஜூனியர் சூட்டுக்குக் கிடையாது, இருந்தாலும் பாதிதான். பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்டிடம் "இந்த அறைக்கு எந்தெந்தக் கதவு திறக்கும்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

கப்பலுக்குள் ஒரு கப்பல்

அட்லான்டிக்கைக் கடந்த பழைய கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று மனிதர்களையே பிரித்து வைத்திருந்தார்கள். பொழுதுபோக்கு குரூஸ் பரவியபோது அந்தப் பிரிவினை ஏறக்குறைய மறைந்தது. எந்த அறையில் தங்கினாலும் சாப்பாட்டுக்கூடமும் நீச்சல்குளமும் எல்லோருக்கும் பொது. குனார்ட் கம்பெனி மட்டும் பழைய வழக்கத்தை முழுசாக விடவில்லை. 2004இல் ஓடத் தொடங்கிய அவர்களுடைய குயின் மேரி 2 கப்பலில் எந்த அறையை எடுக்கிறோமோ அதை வைத்துத்தான் எந்தச் சாப்பாட்டு அறையில் உட்காரலாம் என்பது முடிவாகும். குயின்ஸ் கிரில் ஒரு தட்டு, பிரின்சஸ் கிரில் அதற்கடுத்த தட்டு, மற்றவர்களுக்கு பிரிட்டானியா.

பிறகு 2008இல் எம்.எஸ்.சி. கம்பெனி தன் ஃபன்டாசியா கப்பலில் 'யாட் கிளப்' என்ற தனிப்பகுதியைத் திறந்தது. மேல்தளத்தில் முன்பக்கம், சாவி அட்டை காட்டினால்தான் திறக்கும் கதவு. உள்ளே தனி நீச்சல்குளம், தனி உணவகம், கடலைப் பார்த்த ஓய்வறை, பட்லர். நார்வீஜியனில் இதே ஏற்பாட்டுக்கு 'ஹேவன்' என்று பெயர், செலிப்ரிட்டி என்ற கம்பெனியில் 'ரிட்ரீட்'. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் 'பேலஸ்'. 3,350 பேருக்கான அந்தக் கப்பலில் பேலஸ் சூட் அறைகள் சுமார் 140தான்.

பெரிய கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கின மாதிரிதான் இது. சாமி ஒன்றுதான், வரிசை வேறு. ஏறும்போது வரிசை இல்லை, இறங்கும்போது வரிசை இல்லை, தியேட்டரில் ஒதுக்கிய இருக்கை. காலை எட்டரை மணிக்குப் பொது பஃபேயில் தட்டை ஏந்திக்கொண்டு காலி மேசை தேடும் கூட்டத்தில் நாம் இருக்க மாட்டோம். அதே நேரம் பிள்ளைகளுக்கு நீர்ச்சறுக்கு, ராத்திரிக்குப் பெரிய மேடை நிகழ்ச்சி, பனிச்சறுக்கு அரங்கு என்று அந்தப் பெரிய கப்பலில் உள்ள எல்லாமும் நமக்கு உண்டு.

கம்பெனிக்குக் கம்பெனி ஒரு நுணுக்கம் இருக்கிறது. யாட் கிளப் கட்டணத்தில் பானங்களும் வைஃபையும் சேர்ந்தே வரும். ஹேவனில் அறைக்கான பணத்தோடு பானங்கள் தானாக வந்துவிடாது. அதற்குத் தனிச் சலுகையோ பேக்கேஜோ வேண்டும். இன்னொரு வேடிக்கை, சில எம்.எஸ்.சி. கப்பல்களில் யாட் கிளப்பிலேயே ஜன்னல் இல்லாத உள் அறை உண்டு. பட்லர் இருப்பார், கடல்தான் தெரியாது. அறையில் தூங்க மட்டும் வருகிறவர்களுக்கு இது நிஜமாகவே நல்ல பேரம் என்பேன்.

சின்னக் கப்பல்களின் உலகம்

சில்வர்சீ, ரீஜென்ட் செவன் சீஸ், சீபோர்ன், எக்ஸ்ப்ளோரா. இவைதான் சொகுசு ரகத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். இந்தக் கப்பல்களில் உள் அறை என்ற பேச்சே இல்லை. எல்லா அறையும் சூட்தான் என்று விளம்பரப்படுத்துவார்கள். அதைக் கேட்டு ஹால், படுக்கையறை என்று தனித்தனியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ரீஜென்டின் செவன் சீஸ் ஸ்ப்ளெண்டர் கப்பலில் கீழ்நிலை சூட் அறை, பால்கனியையும் சேர்த்தே சுமார் 300 சதுர அடி. கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு திரை, அவ்வளவுதான். அதே கப்பலின் உச்சியில் இருக்கும் ரீஜென்ட் சூட் 4,400 சதுர அடிக்கு மேல், உள்ளேயே ஒரு ஸ்பா. அதில் போட்டிருக்கும் படுக்கையின் விலை மட்டும் 2 லட்சம் டாலர் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அந்தப் படுக்கையில் படுத்தால் தூக்கம் வருமா, விலை நினைவுக்கு வருமா தெரியவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொகுசுக் கம்பெனிகள் பெரும்பாலும் அந்தப் பெரிய கம்பெனிகளின் வீட்டுப் பிள்ளைகளே. சில்வர்சீ ராயல் கரீபியன் குழுமத்துடையது, ரீஜென்ட் நார்வீஜியன் குழுமத்துடையது, சீபோர்ன் கார்னிவலுடையது, எக்ஸ்ப்ளோரா எம்.எஸ்.சி. குழுமத்துடையது. ஒரே முதலாளி இரண்டு விலையில் இரண்டு கடை வைத்திருக்கிறார் என்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று எண்களில் தேடுவதுதான் சரி.

ஆளுக்கு எவ்வளவு இடம்?

கப்பலின் அளவை டன்னில் சொல்வார்கள். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் 2,48,663 டன். இது எடை இல்லை. கப்பலின் மூடிய பகுதிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கொள்ளளவு என்பதைக் காட்டும் அளவு. ஆகவே இதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு கணக்கு கிடைக்கும். குரூஸ் பைத்தியங்கள் முதலில் போட்டுப்பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

2024 ஜனவரியில் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகானில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். வகுத்தால் ஆளுக்கு 44. ஜென்டிங் ட்ரீம் சுமார் 1,50,700 டன், 3,350 பேர். ஆளுக்கு 45. செவன் சீஸ் ஸ்ப்ளெண்டர் சுமார் 55,000 டன், 746 பேர். ஆளுக்கு 74. சில்வர்சீயின் சில்வர் நோவா 54,700 டன், 728 பேர். ஆளுக்கு 75. கப்பல் அளவில் ஐகானின் நான்கில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அறைக்கு இருவர் என்பதும் ஏட்டுக் கணக்குதான். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் என்றால் பெரிய கப்பல்களில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் ஏறுவார்கள். ஐகானில் அதிகபட்சம் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது அந்த 44 என்பது 33 ஆக இறங்கிவிடும். ஒரே கப்பல், ஒரே அறை, செப்டம்பரில் ஒரு அனுபவம், டிசம்பரில் வேறு அனுபவம்.

ஊழியர் கணக்கும் இப்படித்தான். ஐகானில் 2,350 ஊழியர்கள், அதாவது ஒரு ஊழியருக்கு 2.4 பயணிகள். ஸ்ப்ளெண்டரில் சுமார் 550 ஊழியர்கள், ஒருவருக்கு 1.4 பயணிகள்கூட இல்லை. இரண்டாம் நாளே நமக்குச் சர்க்கரை வேண்டாம் என்று நினைவு வைத்து, பெயர் சொல்லிக் காபி கொண்டுவந்து வைப்பது இந்த எண்ணால்தான் சாத்தியமாகிறது. பட்லர் விஷயத்தில் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பட்லர் உண்டு. ரீஜென்டில் மேல்நிலை அறைகளுக்கு மட்டும்தான்.

சரி, பணத்துக்கு வருவோம்

முதலில் சொன்ன 1,200 டாலர் பால்கனி அறையை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவருக்கு 2,400. இத்தோடு முடிவதில்லை. டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு டாலருக்குப் பக்கத்தில் தானாகவே கணக்கில் ஏறும். ஏழு நாளுக்கு இருவருக்கும் சுமார் 260. பானங்கள் பேக்கேஜ் நாளுக்கு ஆளுக்கு 80 என்று வைத்தால் 1,120. வைஃபை 280. நான்கு ஊர்களில் கப்பல் கம்பெனியின் சுற்றுலாப் பேருந்தில் போனால் தலைக்கு நூறு வீதம் 800. தனிக்கட்டணம் வாங்கும் உணவகத்தில் இரண்டு ராத்திரி சாப்பிட்டால் 240. கூட்டினால் 5,100. விளம்பரத்தில் பார்த்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

சின்னக் கப்பலில் இருவருக்கு 9,800. ரீஜென்ட் மாதிரியான கம்பெனியில் மேலே சொன்ன எல்லாமே இதில் அடக்கம், ஊர் சுற்றிப்பார்ப்பதும் சேர்த்து. சீபோர்ன், எக்ஸ்ப்ளோரா போன்றவற்றில் பானம், டிப்ஸ், வைஃபை உண்டு, ஊர் சுற்றுவதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும், முதலில் நான்கு மடங்காகத் தெரிந்த வித்தியாசம் இப்போது இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிட்டது. சொகுசுக் கம்பெனி ஏஜென்டுகள் இந்தக் கணக்கைத்தான் அழகாகப் போட்டுக் காட்டுவார்கள்.

அவர்கள் போட்டுக் காட்டாத கணக்கு ஒன்று உண்டு. மது குடிக்காதவர், ஃபோனை ஒரு வாரம் மூடிவைக்கத் தெரிந்தவர், துறைமுகத்தில் இறங்கி உள்ளூர் ரயிலிலோ பஸ்ஸிலோ தானாகச் சுற்றுகிறவர் என்றால், பெரிய கப்பலில் அந்த 2,400க்கு மேல் மூன்று நான்கு நூறு டாலர்தான் செலவாகும். அப்போது சின்னக் கப்பல் மறுபடியும் மூன்றரை மடங்கு. 'எல்லாம் அடக்கம்' என்ற விலைக்குள் ஷாம்பெயினும் அடக்கம். குடிக்காத குடும்பம் அதைக் கட்டுவது பக்கத்து மேசைக்காரரின் கோப்பைக்குப் பணம் கொடுப்பது மாதிரி. நம்மவர்களில் பலருக்கு இந்த ஒரு காரணமே போதும், சொகுசுக் கப்பல் தோற்பதற்கு.

நடுவில் இருக்கும் சூட் அறை இருவருக்கு 7,000, டிப்ஸும் ஊர் சுற்றும் செலவும் சேர்த்தால் எட்டாயிரத்தைத் தாண்டும். இன்னும் கொஞ்சம் பெரிய சூட் எடுத்தால் சின்னக் கப்பலின் விலையைத் தொட்டுவிடும். தலைப்பில் உள்ள கேள்வி இந்த இடத்தில்தான் நிஜமாகிறது. கையில் உள்ள அதே பணத்துக்குப் பெரிய கப்பலின் நல்ல அறையா, சின்னக் கப்பலின் சுமாரான அறையா?

சான்டோரினியில் ஒரு காலை

இதை ஒரு துறைமுகத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். கிரேக்கத் தீவான சான்டோரினியில் குரூஸ் கப்பல்கள் கரையில் கட்டப்படுவதில்லை. எரிமலை வாய்க்குள் புகுந்த கடலில் நின்றுகொள்ளும். டெண்டர் எனப்படும் சின்னப் படகுகளில் பயணிகளைப் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து ஃபீரா ஊர் செங்குத்தான பாறையின் உச்சியில். ஏறிப்போக கேபிள் கார், இல்லையென்றால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், அல்லது கழுதை.

பெரிய கப்பலில் சாதாரண அறைக்காரர் காலையில் டோக்கன் எண் வாங்கிக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்திருப்பார், எண்ணைக் கூப்பிடும்வரை. சூட் அறைக்காரரை ஊழியர் ஒருவர் தனி வழியில் அழைத்துப்போய் முதல் படகுகளில் ஏற்றிவிடுவார். சின்னக் கப்பலில் டோக்கனே தேவைப்படாது, 700 பேரும் சீக்கிரமே இறங்கிவிடலாம். மூவரும் கரையில் கால் வைத்த மறுநொடி நிலைமை மாறுகிறது. கேபிள் கார் யாருக்கும் பட்லர் வைத்து நடக்கவில்லை. அன்று எத்தனை கப்பல் வந்திருக்கிறதோ அத்தனை கப்பல் கூட்டமும் அந்த ஒரே வரிசையில்தான். சாயங்காலம் திரும்பி இறங்கும்போது வரிசை தெரு வரைக்கும் நீளும். கூட்டம் தாங்காமல்தான் நாளுக்கு 8,000 குரூஸ் பயணிகள் என்று வரம்பு வைத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து கோடை உச்சத்தில் அங்கு இறங்க ஆளுக்கு 20 யூரோ கட்டணமும் வந்துவிட்டது.

ஆக, சூட் அறையின் சலுகை கப்பலின் படியோடு முடிந்துவிடும். சின்னக் கப்பலின் உண்மையான லாபம் பெரிய கப்பல் நுழையவே முடியாத இடத்துக்குப் போவதில்தான். முந்நூறு பேருக்கும் குறைவானவர்களை ஏற்றும் சில்வர்சீயின் சில்வர் விண்ட் கப்பல், லண்டன் டவர் பாலம் திறந்து வழிவிட, ஊருக்கு நடுவிலேயே போய் நிற்கும். பெரிய கப்பலில் போனவர்கள் சவுத்தாம்ப்டனில் இறங்கி ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். ஆனால் சொகுசுக் கப்பல் எல்லாமே எங்கும் நுழைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து வெனிஸ் நகரின் நடுக் கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு அனுமதி இல்லை. 55,000 டன் ஸ்ப்ளெண்டரும் அங்கே ஐகானோடு சேர்ந்து வெளியேதான். அதனால் பயணத்திட்டத்தைப் படியுங்கள். பெரிய கப்பல் போகும் அதே ஐந்து ஊர்தான் என்றால் சின்னக் கப்பலுக்கு அத்தனை பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் பதில் நேரடியானது: பெரிய கப்பல். சொகுசுக் கப்பல்களில் ராத்திரி பியானோ, வரலாற்றுச் சொற்பொழிவு, பத்து மணிக்கு அமைதி. பத்து வயதுப் பையன் இரண்டாம் நாளே கேட்டுவிடுவான், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று. தாத்தா பாட்டியும் கூட வருகிறார்கள் என்றால் பெரிய கப்பலின் தனிப்பகுதி சூட் அறைதான் பொருத்தம். பெரியவர்களுக்கு அமைதியும் உண்டு, சின்னவர்களுக்கு ஆட்டமும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து தனியாகப் போய்விட்ட தம்பதி, கூட்டம் என்றாலே ஒவ்வாமை, ஒயின் பிடிக்கும், ஊர்களை நிதானமாகப் பார்க்கப் பிடிக்கும் என்றால் சின்னக் கப்பலைப் பார்க்கலாம். கப்பலே ஏறியதில்லை என்றால் இரண்டுமே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுப் பயணத்தில் பால்கனி அறை ஒன்றை எடுத்து, கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கடல் ஒத்துக்கொள்வதைப் பற்றி விற்பனை மேசையில் யாரும் சொல்லாத ஒன்று. கப்பல் ஆடும்போது நடுப்பகுதியும் கீழ்த்தளமும் குறைவாக ஆடும், உச்சித்தளமும் முனைகளும் அதிகம் ஆடும். விலை உயர்ந்த சூட் அறைகள் பெரும்பாலும் உச்சித்தளத்தில். யாட் கிளப் உச்சித்தளம் மட்டுமில்லை, முன்முனையும்கூட. கப்பலிலேயே மலிவான கீழ்த்தளத்து நடு உள் அறைதான் கிட்டத்தட்ட ஆடாத அறை. கப்பல் சின்னதாக ஆக ஆட்டமும் கூடும் என்பதால் சொகுசுக் கப்பலில் இது இன்னும் உறைக்கும். பஸ்ஸில் போனாலே குமட்டுகிறவர் வீட்டில் இருந்தால் முதலில் இதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது 'உத்தரவாத அறை' என்று குறைந்த விலையில் ஒன்று வரும். வகை மட்டும் உறுதி, எந்த அறை என்பதை அவர்களே பிறகு சொல்வார்கள். அது நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழேயோ தியேட்டருக்கு மேலேயோ அமையலாம். காலை ஆறு மணிக்கு மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். முன்பதிவுக்குப் பிறகு, இருக்கும் அறையிலிருந்து சூட் அறைக்கு மாற ஏலத்தொகை கேட்டுச் சில கம்பெனிகள் மின்னஞ்சல் அனுப்பும். அதில் போடும் தொகை அறைக்கா, ஆளுக்கா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ராயல் கரீபியனில் ஆளுக்குத்தான், முதல் இருவருக்கும் பிடித்துக்கொள்வார்கள். 300 என்று நினைத்துப் போட்டது 600 ஆகும், ஏற்றுக்கொண்ட பிறகு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.